அடையாறு: ஏரிகள் அனுப்பும் நீரும் கடல் அனுப்பும் நீரும்

சென்னையில் அடையாறு என்றதும் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது ஒரு குடியிருப்புப் பகுதிதான். ஆறு அதன் பிறகே வரும். அந்த ஆற்றையும், பாலத்தைக் கடக்கும்போது மூக்கைப் பொத்திக்கொள்ள வைக்கும் சாக்கடையாகவோ, 2015 டிசம்பரில் வீடுகளுக்குள் புகுந்த வெள்ளமாகவோதான் நாம் அறிந்து வைத்திருக்கிறோம். பல்லாண்டுகளாக இதன் கரையில் குடியிருப்பவன் என்ற முறையில், இந்த இரண்டு அறிமுகங்களும் போதாதவை என்று எனக்குத் தோன்றுகிறது. அடையாற்றின் கடைசிச் சில கிலோமீட்டர்கள் ஓதத்துக்கு, அதாவது கடல்மட்டத்தின் அன்றாட ஏற்ற இறக்கத்துக்கு, உட்பட்டவை. அங்கே நீர் மேற்கிலிருந்து மட்டும் வருவதில்லை. நாளுக்கு இருமுறை கிழக்கிலிருந்தும் வருகிறது. இந்த ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டால், ஆற்றின் நிலவியலும் அதன் கரையில் நடந்த வரலாற்றில் பெரும்பகுதியும் இன்றைய வெள்ளச் சிக்கலும் ஒரே இழையில் வந்து சேர்கின்றன.

அடையாறு மலையில் பிறந்த ஆறு அன்று. கூடுவாஞ்சேரிக்கு அருகிலுள்ள ஆதனூர், அதற்கு மேற்கே மணிமங்கலம் முதலிய ஊர்களின் ஏரிகள் நிரம்பி, கலங்கல் எனும் உபரிநீர்ப் போக்கி வழியே வழியும் நீர் ஒன்றுசேர்ந்துதான் ஆறாகிறது. ஏறத்தாழ 42 கிலோமீட்டர் நீளமே உள்ள இதைப் பழைய செங்கற்பட்டு மாவட்டத்து ஏரிப் பாசன அமைப்பின் வடிகால் என்று சொன்னாலும் தவறில்லை. ஏரிகள் நிரம்பாத ஆண்டில் மேற்பகுதியில் ஆறு என்று சொல்லத்தக்க ஒன்று இருக்காது. நிரம்பிய ஆண்டில், ஒவ்வோர் ஏரியின் உபரிநீரும் அடுத்ததன் உபரியோடு சேர்ந்து ஓரிரு நாட்களுக்குள் பெருவெள்ளமாகிவிடும். மணிமங்கலம் இன்று தாம்பரத்துக்கு அப்பால் உள்ள ஓர் அமைதியான ஊர். ஏழாம் நூற்றாண்டில் முதலாம் நரசிம்மவர்மப் பல்லவன் சாளுக்கிய மன்னன் இரண்டாம் புலிகேசியை முறியடித்த போர்க்களங்களுள் ஒன்றாகக் கூரம் செப்பேடு இவ்வூரைக் குறிப்பிடுகிறது. காஞ்சியைக் காக்க நடந்த போர் அடையாற்றின் தலைப்பில் நடந்திருக்கிறது என்பதை எண்ணும்போதெல்லாம் எனக்கு வியப்பாக இருக்கும்.

திருநீர்மலைக்கு அருகே செம்பரம்பாக்கம் ஏரியின் உபரிநீர்க் கால்வாய் வந்து சேர்ந்த பிறகுதான் அடையாறு முழு ஆறாகிறது. திருநீர்மலை 108 திவ்விய தேசங்களுள் ஒன்று. திருமங்கையாழ்வார் பெருமாளைச் சேவிக்க வந்தபோது மலையைச் சுற்றி நீர் சூழ்ந்திருந்ததாகவும், அது வடியும்வரை அவர் ஆறு மாதம் காத்திருந்ததாகவும் தலபுராணம் சொல்கிறது. புராணத்தை வரலாறாகக் கொள்ள வேண்டியதில்லை. ஆனால் இரண்டு நீர்வழிகள் கூடும் தாழ்வான இடத்தில் நிற்கும் குன்று, மழைக்காலத்தில் தீவாகிவிடும் என்பதை அந்த ஊர்க்காரர்கள் நன்றாக அறிந்திருந்தார்கள் என்பதற்கு அந்தக் கதையே சான்று. 2015-இல் திருநீர்மலைக்குத் தெற்கே முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியபோது அந்தப் பழைய அறிவு எங்கே போயிற்று என்று கேட்கத் தோன்றியது.

திருநீர்மலையைக் கடந்தபின் ஆறு வடகிழக்காகத் திரும்பி, கைத்தறி நெசவுக்குப் பேர்போன அனகாபுத்தூரைத் தொட்டு, விமான நிலையத்தின் இரண்டாவது ஓடுதளத்துக்கு அடியில் நுழைந்து, மணப்பாக்கம், நந்தம்பாக்கம் வழியாகச் சைதாப்பேட்டையை அடைகிறது. ஓடுதளம் ஆற்றைப் பாலமாகத் தாண்டிச் செல்கிறது என்பது விமானத்தில் போகிறவர்களில் பலருக்குத் தெரியாது. சற்றுத் தெற்கே உள்ள பல்லாவரத்தில்தான் 1863-இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் ஒரு பழைய கற்காலக் கற்கருவியைக் கண்டெடுத்தார். இந்தியாவின் தொல்பழங்கால ஆய்வு அதிலிருந்து தொடங்கியது என்று சொல்வார்கள். இந்த ஆற்றின் வடிநிலத்தில் மனிதர்கள் வாழ்ந்த காலத்தை நூற்றாண்டுக் கணக்கில் அளக்க முடியாது.

சைதாப்பேட்டையில் ஆற்றைக் கடக்கும் இடத்துக்கு ஒரு தனி வரலாறு உண்டு. கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வணிகர், மயிலாப்பூர், சாந்தோம் பக்கத்திலிருந்து பரங்கிமலைக்குச் செல்லும் பக்தர்கள் ஆற்றில் இறங்கித் துன்பப்படுவதைப் பார்த்து, 1720களில் தம் சொந்தச் செலவில் இங்கே ஒரு கற்பாலம் கட்டினார். அதற்கு அக்காலப் பொற்காசான பகோடாவில் 30,000 செலவானது என்பர். பரங்கிமலைக்கு ஏறும் படிகளுக்கும் அவரே பொருள் கொடுத்தார். மர்மலாங் பாலம் என்று ஆங்கிலேயர் ஆவணங்களில் இடம்பெற்ற அந்தப் பாலம் இரண்டு நூற்றாண்டுகளுக்கும் மேலாக நின்றது. 1966-இல் அது இருந்த இடத்தில் இன்றைய மறைமலையடிகள் பாலம் வந்தது. ஆர்மீனியம், பாரசீகம், இலத்தீன் ஆகிய மொழிகளில் செதுக்கப்பட்ட பழைய பாலத்தின் கல்வெட்டு மட்டும் எஞ்சி, சாலையோரத்தில் தூசி படிந்து நின்றது. தமிழ்நாட்டு ஆறு ஒன்றின் மேல் ஆர்மீனியர் கட்டிய பாலத்துக்குச் சாட்சியாக உள்ள ஒரே கல் அது. இவ்வளவு பெரிய நகரத்தில் அதற்கு நல்லதோர் இடம் கிடைக்கவில்லையே என்பது எனக்குத் தீராத மனக்குறை. புதிய பாலத்துக்கு வைத்த பெயர் பொருத்தமானதே. மறைமலையடிகள் பல்லாவரத்தில் வாழ்ந்தவர், அதாவது இந்த ஆற்றின் பக்கத்து ஊர்க்காரர்.

சைதாப்பேட்டைக்குக் கிழக்கே, சின்னமலையைக் கடந்ததும் ஆற்றின் இயல்பு மாறுகிறது. செம்பரம்பாக்கம் ஏரியின் முழுக் கொள்ளளவு மட்டம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 85 அடி உயரம். அந்தச் சரிவெல்லாம் நகரத்தை அடைவதற்குள்ளேயே பெரும்பாலும் தீர்ந்துவிடுகிறது. கோட்டூர்புரத்திலிருந்து கடல்வரை ஆற்றுப்படுகை கிட்டத்தட்டச் சமதளம். சென்னைக் கடற்கரையில் ஓதத்தின் வீச்சு பெரிதன்று. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களிலும் உயர் ஓதத்துக்கும் தாழ் ஓதத்துக்கும் இடையே ஏறத்தாழ ஒரு மீட்டர்தான் வேறுபாடு இருக்கும். ஆனால் சமதளமான படுகையில் ஒரு மீட்டர் என்பது சிறிய அளவன்று. ஆறு மணி நேரத்துக்குச் சற்று மேலாகக் கடல்நீர் ஆற்றுக்குள் ஏறுகிறது. பிறகு அதே அளவு நேரம் வடிகிறது. ஒவ்வொரு நாளும் இந்தச் சுழற்சி சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகிறது. உப்புநீர் கனமானதால் அடியில் நுழைகிறது, நன்னீரும் கழிவுநீரும் அதன்மேல் மிதக்கின்றன.

இதைப் பார்க்கக் கருவி எதுவும் வேண்டாம். திரு.வி.க. பாலத்தின் நடைபாதையில் நின்று, மிதந்து வரும் ஆகாயத்தாமரைக் கொத்து ஒன்றைக் கவனித்தால் போதும். வற்றத்தின்போது அது கடலை நோக்கி நகரும். சற்று நேரத்தில் நகர்ச்சி தளர்ந்து, தயங்கி, நின்ற இடத்திலேயே மெல்லச் சுழலும்; அதன்பின் வந்த வழியே மேற்கு நோக்கித் திரும்பிப் போகத் தொடங்கும். ஆகாயத்தாமரை உப்பைத் தாங்காத செடி. முகத்துவாரம் நன்றாகத் திறந்திருக்கும் காலத்தில் பாலத்தருகே வந்து சேரும் செடிகளின் இலை விளிம்புகள் தீய்ந்து பழுப்பேறியிருக்கும். மேலே கோட்டூர்புரம், சைதாப்பேட்டைப் பக்கம் அதே செடி பச்சைப் பசேலென்று நீரை மூடிக் கிடக்கும். கடலின் எல்லை அந்த வாரத்தில் எதுவரை நீண்டிருக்கிறது என்பதைச் செடியின் நிறமே காட்டிவிடுகிறது. தெற்குக் கரையில் வெண்கண்டல் மரங்கள் நிற்கும் சேற்றில், நீர் வடிந்ததும் சுவாச வேர்கள் விரல் நீளத்துக்கு நிமிர்ந்து நிற்பதும், அவற்றுக்கிடையே ஒரு கொடுக்கு மட்டும் பெருத்த சிறு நண்டுகள் வளைகளிலிருந்து வெளியே வருவதும் தெரியும். நீர் ஏறத் தொடங்கியதும் அவை வளைக்குள் போய்விடும்.

இவையெல்லாம் முகத்துவாரம் திறந்திருந்தால்தான் நடக்கும். அடையாறு கடலோடு சேரும் இடத்தில் ஆண்டின் பெரும்பகுதியில் ஒரு மணல்திட்டு வளர்ந்துகொண்டே இருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் அலைகள் கரையோர மணலைத் தெற்கிலிருந்து வடக்கே நகர்த்துகின்றன. வடகிழக்குப் பருவத்தில் திசை மாறினாலும், ஆண்டு முழுவதும் கணக்குப் பார்த்தால் வடக்கு நோக்கிப் போகும் மணலே அதிகம். ஆற்றில் வேகம் இருந்தால் அந்த மணலை அது கடலுக்குள் தள்ளிவிடும். கோடையில் ஆற்றுக்கு வேகம் ஏது? திட்டு வளர்ந்து வாயை ஏறக்குறைய அடைத்துவிடும்; உள்ளே ஓதத்தின் ஏற்றமும் வற்றமும் மங்கிப்போகும்; நீர் கறுத்துத் தேங்கும்; கொசு பெருகும். ஐப்பசி மழையில் வெள்ளம் வந்து திட்டை உடைக்கும்போதுதான் கடல் மீண்டும் உள்ளே வரும். துறைமுகத்தின் தடுப்புச் சுவர்கள் 1870களில் எழத் தொடங்கியபின் அவற்றுக்குத் தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகன்றது. கூவத்தின் வாய் அடைபடுவதற்கு அது முக்கியக் காரணமாயிற்று. அடையாற்றின் வாய் துறைமுகத்திலிருந்து தள்ளியிருந்தும், மணல் அதையும் விட்டுவைக்கவில்லை.

இந்த ஆழமற்ற முகத்துவாரம் ஒருமுறை தென்னிந்திய அரசியலின் போக்கையே மாற்றியது. 1746-இல் பிரெஞ்சுக்காரர் ஆங்கிலேயரிடமிருந்து சென்னைக் கோட்டையைக் கைப்பற்றினர். நகரத்தைத் தம்மிடம் ஒப்படைப்பதாக புதுச்சேரியின் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளே அளித்த வாக்கு காற்றில் போயிற்று என்று கண்ட ஆற்காட்டு நவாப் அன்வருதீன் கான், தம் மகன் மாஃபூஸ் கான் தலைமையில் ஒரு பெரும்படையை அனுப்பினார். புதுச்சேரியிலிருந்து கடற்கரையோரமாக வடக்கே வந்துகொண்டிருந்த பிரெஞ்சு உதவிப்படையை மறிக்க, அந்தப் படை சாந்தோமுக்குத் தெற்கே ஆற்றின் வடகரையில் பீரங்கிகளுடன் நின்றது. நவாபின் படை பத்தாயிரம் பேர் என்பர். எதிரே பரதி என்ற தளபதியின் கீழ் ஐரோப்பியரும் இந்தியச் சிப்பாய்களுமாக ஆயிரத்துக்கும் குறைவானவர்கள். அக்டோபர் 24 என்று பொதுவாகக் குறிக்கப்படும் அந்த நாளில், பிரெஞ்சுப் படை முகத்துவாரத்தை ஒட்டிய குவிபிள் தீவுப் பக்கமாக ஆற்றில் இறங்கி, குண்டுகளுக்கு நடுவே நீரில் நடந்தே அக்கரை சேர்ந்து, வரிசை கலையாமல் சுட்டு முன்னேறியது. நவாபின் படை சிதறியது. பயிற்சி பெற்ற சிறு காலாட்படை ஒன்று, எண்ணிக்கையில் பன்மடங்கு பெரிய இந்தியப் படையை வெல்ல முடியும் என்று ஐரோப்பியர் கண்டுகொண்டது இங்கேதான். அதன்பின் வந்த கர்நாடகப் போர்களிலெல்லாம் அந்தப் பாடம் தொடர்ந்தது. வடகிழக்குப் பருவம் தொடங்கும் வேளையிலும் ஆற்றை நடந்தே கடக்க முடிந்தது என்பதை வரலாற்று நூல்கள் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போய்விடுகின்றன. மேலே ஏரிகள் நிரம்பி வழிந்திருந்தால் அந்தப் போரின் முடிவு என்னவாகியிருக்கும் என்று நான் அடிக்கடி எண்ணிப் பார்ப்பதுண்டு.

ஆங்கிலேயர் ஆட்சி நிலைபெற்றபின் இந்தக் கரைகள் தோட்டப் பங்களாக்களின் இடமாயின. கிழக்கிந்தியக் கம்பெனி அலுவலர் ஜேம்ஸ் பிராடி, பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் வடகரையில் கட்டிய பிராடி காசில் இன்று அரசு இசைக் கல்லூரியாக இருக்கிறது. அவர் அந்த மாளிகையில் நெடுநாள் வாழவில்லை. வீட்டெதிரே ஓடிய இதே ஆற்றில் படகு கவிழ்ந்து இறந்துபோனார். 1867-இல் தொடங்கிய மெட்ராஸ் போட் கிளப்பின் துடுப்புப் படகுகளுக்கு இந்தக் கழிமுகத்தின் அகலமும் அமைதியும் வாய்த்தன. 1837 முதல் 1842 வரை மெட்ராஸ் ஆளுநராக இருந்த எல்ஃபின்ஸ்டன் பிரபுவின் பெயரைத் தாங்கிய பாலம், சாந்தோமையும் தென்கரையையும் இணைத்தது. போக்குவரத்து பெருகியதால் 1973-இல் அதன் பக்கத்திலேயே திரு.வி.க. பாலம் கட்டப்பட்டது. 1882-இல் பிளாவட்ஸ்கி அம்மையாரும் ஆல்காட்டும் முகத்துவாரத்தின் தென்கரையிலிருந்த ஹட்டில்ஸ்டன் தோட்டத்தை வாங்கி, பிரம்மஞான சபையின் தலைமையகமாக்கினர். 1909-இல் சிறுவன் ஜே. கிருஷ்ணமூர்த்தியை சபையின் முன்னணியாளர்களுள் ஒருவரான லெட்பீட்டர் கண்டது அந்தத் தோட்டத்தை ஒட்டிய கடற்கரையில்தான். சபையின் கொள்கைகளைப் பற்றி அவரவருக்கு ஒரு கருத்து இருக்கலாம். ஆனால் நகரம் நாற்புறமும் நெருக்கியபோதும் தென்கரையில் அவ்வளவு பெரிய பரப்பு மரங்களோடு தப்பியதற்கு அந்த விற்பனை ஆவணம்தான் காரணம். இதற்காக ஆறு அவர்களுக்குக் கடமைப்பட்டிருக்கிறது.

பக்கிங்காம் கால்வாயையும் இங்கே சொல்லியாக வேண்டும். 1877-78 தாது வருடப் பஞ்சத்தின்போது, பட்டினி கிடந்த மக்களுக்குக் கூலி கொடுக்கும் நிவாரண வேலையாக, கூவத்தையும் அடையாற்றையும் இணைத்து ஏறத்தாழ எட்டு கிலோமீட்டருக்குக் கால்வாய் வெட்டப்பட்டது. இந்த இணைப்பால் வடக்கே ஆந்திரக் கரையிலிருந்து தெற்கே மரக்காணம்வரை படகுப் போக்குவரத்து தொடர்ச்சி பெற்றது. படகுகள் நகர இங்கே தேவைப்பட்டது ஓதத்தின் நீர்மட்டம்தான். அந்தக் கால்வாயின் நகரப் பகுதியில் பின்னாளில் பறக்கும் ரயிலின் தூண்கள் இறங்கின. பஞ்சத்தில் மெலிந்த கைகள் தோண்டிய ஒரு நீர்வழி, இன்று அதன்மேல் ரயிலில் போகிறவர்களின் கண்ணில்கூடப் படாத ஓடையாகிவிட்டது.

முகத்துவாரத்தின் உண்மையான உரிமையாளர்கள் மீனவர்கள். தெற்கே ஊரூர் ஆல்காட் குப்பம், வடக்கே சீனிவாசபுரம். இரு கரைகளுக்கும் இடையே நடந்து போக 1967-இல் கட்டிய சிறு பாலம் 1977-இல் வெள்ளத்தில் உடைந்தது. அதன்பின் அதை யாரும் சரிசெய்யவில்லை. உடைந்த பாலம் என்ற பெயரோடு இன்றும் ஆற்றின் நடுவே அறுபட்டு நிற்கிறது. திரைப்படக்காரர்களுக்கும் புகைப்படம் எடுப்பவர்களுக்கும் அது அழகான இடம்; குப்பத்து மக்களுக்கு அது பறிபோன வழி. மடவையும் கொடுவாயும் இறாலும் கடலுக்கும் கழிக்கும் இடையே போய்வரும் உயிரினங்கள். வாய் அடைபட்டால் அவற்றின் வரத்தும் அடைபடும். கடலில் இறங்க முடியாத நாட்களில் கழியில் வீச்சுவலை வீசிப் பிழைக்கும் முதியவர்களுக்கு அந்த இழப்பு அன்றன்றைக்கே தெரியும். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை முதலில் விழுங்கியவற்றில் சீனிவாசபுரமும் ஒன்று.

வடகரையில், குவிபிள் தீவைச் சுற்றி வளைந்து கிடந்த கழிவெளியின் பெரும்பகுதி கொஞ்சம் கொஞ்சமாக மண் கொட்டி நிரப்பப்பட்டது. தீவு தீவாக இல்லாமல் போயிற்று; அதன் பெயரைத் தாங்கி ஒரு கல்லறைத் தோட்டம் மட்டும் இருக்கிறது. எம்.ஆர்.சி. நகரின் உயரமான கட்டடங்கள் நிற்கும் பக்கம் ஒரு காலத்தில் ஓதம் ஏறி இறங்கிய நிலம். எஞ்சிய கழியில் 58 ஏக்கர், கட்டட இடிபாடுகளும் குப்பையும் அகற்றப்பட்டு, கண்டல் நடப்பட்டு, தொல்காப்பியப் பூங்கா என்ற பெயரில் 2011 ஜனவரியில் திறக்கப்பட்டது. கெட்டுப்போன கழியை மீட்க முடியும் என்பதை இந்த நகரத்துக்குக் காட்டிய முதல் பெரிய முயற்சி அது. கடல்நீர் வந்துபோக வழி செய்தவுடன் நண்டும் மீனும் நாரையும் உள்ளானும் யாரும் கொண்டுவந்து விடாமலே வந்து சேர்ந்தன. இத்தனைக்குப் பிறகும் மேலே சைதாப்பேட்டையிலிருந்து சுத்திகரிக்காத கழிவுநீர் வந்துகொண்டேயிருக்கிறது என்பதுதான் வருத்தம்.

2015 டிசம்பர் 1 அன்று தொடங்கிய மழை மறுநாள் காலை 8.30-க்குள் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டரும் செம்பரம்பாக்கத்தில் 47 சென்டிமீட்டரும் கொட்டியது. ஏரியிலிருந்து நொடிக்கு 29,000 கன அடி திறந்துவிடப்பட்டது. அதோடு ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகளின் நீரும், நகரத்துக்குள்ளேயே பெய்த மழையும் சேர்ந்தன. விமான நிலையம் சில நாட்கள் மூடப்பட்டது. சைதாப்பேட்டை, கோட்டூர்புரம், ஜாபர்கான்பேட்டையில் வீடுகள் மூழ்கின. 2018-இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை, இதை மனிதரால் நேர்ந்த பேரிடர் என்றே கூறியது. விவாதம் முழுவதும் ஏரியின் மதகுகளைப் பற்றியே இருந்தது, அது நியாயமானதே. ஆனால் ஆற்றின் மறுமுனையைப் பற்றிப் போதிய அளவு பேசப்படவில்லை. அந்த நவம்பரில் பௌர்ணமி 25-ஆம் தேதி, அடுத்த அமாவாசை டிசம்பர் 11. அதாவது வெள்ளம் வந்த நாட்கள் ஓதத்தின் வீச்சு மிகக் குறைந்த நாட்கள். அதே நீர் பௌர்ணமியன்று உயர் ஓத வேளையில் வந்து சேர்ந்திருந்தால், கோட்டூர்புரத்தில் தண்ணீர் வடிய இன்னும் கூடுதல் நேரம் ஆகியிருக்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது மறுபக்கத்தைப் பார்த்தோம். அன்றும் நிலவு தேய்பிறையின் நடுவில்தான் இருந்தது. ஆனால் கரையை ஒட்டியே நின்ற புயல் கடல்மட்டத்தை உயர்த்திவிட்டதால், ஆறுகளும் கால்வாய்களும் நீரைக் கடலில் விட முடியாமல் தேங்கி நின்றன.

2015-க்குப் பிறகு ஆற்றை அகலப்படுத்துகிறோம் என்று கரையோரக் குடிசைகளை அகற்றி, அங்கிருந்தவர்களைப் பெரும்பாக்கத்துக்கும் கண்ணகி நகருக்கும் அனுப்பினார்கள். அவை பள்ளிக்கரணைச் சதுப்பை ஒட்டிய தாழ்நிலங்கள். ஓர் ஆற்றின் வெள்ளத்திலிருந்து காப்பாற்றுவதாகச் சொல்லி இன்னொரு வெள்ளத்தின் பாதையில் குடியமர்த்தியிருக்கிறோம். ஆற்றின் கரையை ஒட்டி நிற்கும் பெரிய கட்டடங்களுக்கு அந்த வேகத்தில் அறிவிப்பு போகவில்லை என்பதையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

இப்போது ஒவ்வோர் ஆண்டும் பருவமழைக்கு முன்னால் இயந்திரங்கள் வந்து முகத்துவாரத்து மணலை அள்ளுகின்றன. சில வாரங்களில் கடல் அதே மணலைத் திரும்பக் கொண்டுவந்து போடுகிறது. அள்ளுவது தேவைதான், அதை நான் குறைசொல்லவில்லை. எப்போது அள்ளுவது, எந்தப் பக்கம் கொட்டுவது என்பதை முடிவுசெய்யும் கூட்டத்தில் ஊரூர்க் குப்பத்து மீனவர்களுக்கும் ஓர் இடம் வேண்டும். வாய் எந்தப் பக்கம் நகரும் என்பதை நாள்தோறும் பார்ப்பவர்கள் அவர்கள். செம்பரம்பாக்கத்தில் எத்தனை அடி நீர் நிற்கிறது, எத்தனை கன அடி திறக்கிறார்கள் என்று செய்தியில் சொல்லும்போதெல்லாம், அந்த நீர் முகத்துவாரத்தை எட்டும் வேளையில் கடல் ஏறிக்கொண்டிருக்குமா, வடிந்துகொண்டிருக்குமா என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஓத அட்டவணை ஓராண்டுக்கு முன்பே அச்சாகி வந்துவிடுகிறது. அதை மதகுக் கணக்கோடு சேர்த்துப் படிப்பது நீர்வளத்துறைக்குப் பெரிய வேலையன்று. கோட்டூர்புரத்தில் தரைத்தளத்தில் குடியிருக்கும் ஒரு குடும்பத்துக்கு, பொருட்களை மாடிக்கு ஏற்ற இன்னும் எத்தனை மணி நேரம் இருக்கிறது என்பதை அந்த ஒரு வரி சொல்லிவிடும்.